அக்காவின் முள்ளந்தண்டும் என்னுடையதும்

எலும்பு முறிந்தால் சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் போகிற படகில் இருந்தேன். ஒரு அலை படகைத் தூக்கி விட்டது. படகு விழுந்தது, நானும் பலகையில் விழுந்தேன். ஒரு சாண் உயரம்கூட இராது. சுற்றிவர இருந்த இருபது முப்பது பேரும் அதே அலையில் எழும்பி அதே மாதிரித்தான் விழுந்தார்கள். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு இடுப்புக்குச் சற்று மேலே யாரோ உள்ளங்கையை வைத்து முழுப் பாரத்தோடும் அழுத்துகிற மாதிரி ஒரு நோ வந்தது. மூச்சு நின்று, கொஞ்சம் கழித்துத்தான் திரும்பி வந்தது.

என் பெயர் சுகந்தி. புளியங்கூடலில் இருக்கிறேன். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன், வயது ஐம்பத்தாறு. ஆவி, சாயல் என்று யாராவது என் முன்னால் கதைத்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். நிறுவிக் காட்டு என்பேன். அப்படிப்பட்டவள் அந்த ஒரு மாதமும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எதை எதையெல்லாம் நினைத்துப் பயந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முதுகு நோவோடு படுத்துக்கொண்டு, படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களே, அதில் என்ன தெரியப் போகிறது என்று நடுங்கிக்கொண்டிருக்கிற ஒருவருக்காவது இது பயன்படும். அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

அன்று படகு ஏறுவதற்கு முதலே ஒன்று நடந்தது. இறங்குதுறையில் பூத்தட்டு விற்கிற கிழவர் என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்.

"மலர் பிள்ளையெல்லே? எப்ப கனடாவில இருந்து வந்தனீர்?"

மலர் என் அக்கா. அவள் இறந்து அப்போது இரண்டு வருடம். இறப்பதற்கு முந்தைய வருடம், நோய் வருத்தத்தோடு ஒருமுறை ஊருக்கு வந்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் நின்றாள். அந்த மாதம் ஒவ்வொரு வெள்ளியும் நேர்த்தி வைத்து நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போய் வந்தாள். அப்போது இந்தக் கிழவரிடம்தான் பூ வாங்குவாள்.

"நான் தங்கச்சி, ஐயா. அக்கா மோசம் போய் இரண்டு வருசம்."

அவர் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்பிடியோ" என்றார். தட்டை என் கையில் தராமல் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். கிழவருக்குக் கண் தெரியாது என்று கூட வந்த என் அவரிடம் சொன்னேன். இவர் "ம்" என்றார். என் கணவர் தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்தவர், எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் நானும் அக்காவும் ஒரு நாளும் ஒரே சாயல் இல்லை. நான் அம்மாவைப் போல ஒடிசல், ஒட்டின கன்னம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்குக் கோடு போடுகிற அடிமட்டம் என்று பட்டம் வைத்திருந்தார்கள். அதெல்லாம் ஒரு ஒன்றரை வருடத்துக்கு முந்திய கதை. பிறகு எனக்கு முகம் ஊதத் தொடங்கியது. கன்னம் திரண்டு, கண் சிறுத்து, தாடைக்குக் கீழே சதை வைத்து, வட்டமாக வந்தது. அக்கா கடைசியாக ஊருக்கு வந்தபோது இருந்த அதே முகம். அவள் இறந்தபின் கனடாவில் இருந்து வந்த சூட்கேசில் இருந்த அவளுடைய சட்டைகள் எனக்கு முன்பு தொளதொளவென்று இருந்தன. இப்போது கொக்கி போட மூச்சை இழுக்க வேண்டியிருந்தது. இனிப்பே தொடாத நான், அக்காவைப் போலவே பனங்காய்ப் பணியாரத்தை ஒரே இருப்பில் ஒரு சட்டி தின்றேன். ஐம்பது கடந்தால் உடம்பு வைக்கும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படகில் வந்த நோவோடு நாலு நாள் வீட்டில் கிடந்தேன். இவருடைய தங்கச்சி பவளம் மச்சாள் எண்ணெய் தடவ வந்தாள். முதுகைத் தடவும்போது வாய் ஓயாமல் கதைத்தாள். என்னைத் திருப்பிப் படுக்க வைத்தால் அவள் பார்வை சுவருக்குப் போய்விடும். ஐந்தாம் நாள் எழும்பி நிற்க ஏலாமல் போனது. இவர் ஒரு வான் வண்டியைப் பிடித்து, பின் ஆசனத்தில் மெத்தை போட்டு, அல்லைப்பிட்டிப் பக்கமாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போனார். கடலுக்கு நடுவே போகிற அந்த வீதியின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் முன்னால் இருந்து "மெல்ல, மெல்ல" என்று சாரதிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த இரண்டு சொல்லுக்காக அவருடைய "ம்" எல்லாவற்றையும் மன்னித்தேன்.

எக்ஸ்றே எடுத்தார்கள். முள்ளந்தண்டு என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த எலும்புக் கட்டைகள். அதில் இடுப்புப் பகுதியில் முதலாவது கட்டை முன்பக்கம் நசிந்து, கதவுக்கு வைக்கிற ஆப்பு மாதிரிச் சரிந்திருந்தது. வாட்டு டொக்டர் ஒரு பெண்பிள்ளை, என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி பொறுமையாக விளங்கப்படுத்தினாள்.

"ரீச்சர், எக்ஸ்றே எலும்பு நசிஞ்சிருக்கு எண்டு சொல்லும். ஏன் நசிஞ்சது எண்டு சொல்லாது. எலும்பு சத்தில்லாமல் மெலிஞ்சு போனாலும் இப்பிடி நசியும். காசநோய்க் கிருமி போய் அரிச்சாலும் நசியும். வேற இடத்தில இருந்து கான்சர் வந்து இருந்தாலும் நசியும். மூண்டும் எக்ஸ்றேயில ஒரே மாதிரித்தான் இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பிரிச்சுப் பாக்கலாம். அதிலயும் தெரியாட்டி எலும்புக்குள்ள ஊசி விட்டு எடுத்துப் பாக்க வேணும்."

"குடும்பத்தில ஆருக்கும் கான்சர் இருந்ததோ?"

"அக்காவுக்கு இருந்தது. மார்பில தொடங்கி முள்ளந்தண்டுக்குப் போனது."

"எந்த எலும்பு எண்டு தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. கட்டிலின் கால்பக்கம் நின்ற இவர்தான் பதில் சொன்னார். "இதே எலும்புதான் டொக்டர். அவவுக்கும் முதல் உடைஞ்சது இதுதான்."

வாட்டில் காலை பத்து மணி வெயில். தாதிமார் நடக்கிறார்கள், எங்கோ ஒரு வாளி உருள்கிறது. எனக்கு மாத்திரம் காது அடைத்துக்கொண்டது. இரண்டு வருடமாக இவருக்கு அது தெரிந்திருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை. அக்காவுக்கு முதல் எலும்பு உடைந்ததில் இருந்து அவள் போகும்வரை பதினாலு மாதம். இருபத்தெட்டு வருடம் கணக்குப் படிப்பித்தவளுக்கு வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. மனம் தானாகவே பதினாலைக் கூட்டி, எந்த மாதத்தில் வந்து நிற்கிறது என்று பார்த்துவிட்டது.

டொக்டர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். "வேற ஏதும் குளிசை போடுறனீங்களோ? வீட்டு மருந்து, கடையில வாங்கினது, ஏதும்?"

"இல்லை" என்றேன்.

அது பொய். என் கைப்பைக்குள் அக்காவின் குளிசை இருந்தது.

சூட்கேசோடு வந்தது அது. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக் குளிசையை எறிய ஒருவருக்கும் மனம் வராது. இன்னார் செத்துப் போனார், அவருடைய பிரஷர் குளிசை ஒரு வீட்டுக்கு, நோக்குளிசை ஒரு வீட்டுக்கு என்று பங்கு போகும். அந்தப் போத்தலில் அக்காவின் பெயர் அச்சடித்து ஒட்டியிருந்தது. முழங்கால் நோவால் நான் கதிரையில் இருந்தே படிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. அக்கா நோவுக்கு இதைத்தான் போட்டவள் என்று ஞாபகம். காலையில் ஒன்று போட்டேன். பின்னேரம் பள்ளிக்கூட மாடிப்படியில் ஓடி இறங்கினேன். பிறகு விடுவேனா? போத்தல் முடிந்ததும் அதை யாழ்ப்பாணத்தில் ஒரு பாமசிக்குக் கொண்டுபோய்க் காட்டி, அதே மருந்தை வாங்கினேன். ரீச்சர் ஒருத்தி கேட்டால் யார் டொக்டர் எழுதின துண்டு கேட்கப் போகிறார்கள்?

நோ மாறியது மட்டும் காரணம் இல்லை. காலையில் குசினிக்குள் நின்று அந்தக் குளிசையை விழுங்கும்போது அக்காவோடு சேர்ந்து ஏதோ செய்கிற மாதிரி ஒரு ஆறுதல் இருந்தது. அதை அந்தச் சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? வகுப்பில் பார்த்து எழுதிப் பிடிபட்ட பிள்ளை மாதிரி நிற்க எனக்கு ஏலவில்லை. வாட்டிலும் ஒவ்வொரு காலையும் முகம் கழுவப் போகும்போது ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

சோதனைகள் தொடங்கின. காசநோய்க்குக் கையில் தோலுக்கடியில் ஒரு ஊசி போட்டு, அது தடிக்கிறதா என்று மூன்று நாள் அளந்தார்கள். தடிக்கவில்லை. எலும்பு மச்சையில் பிறக்கிற ஒரு கான்சருக்கு இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். சீனி கூடியிருக்கிறது என்றார்கள். எனக்குச் சீனி வருத்தம் இருந்ததே இல்லை. அக்காவுக்குக் கடைசியில் இருந்தது.

இரத்தம் எடுத்த இடத்தில் மாத்திரம் இல்லாமல், தொட்ட இடமெல்லாம் எனக்குக் கண்டியது. ஒருநாள் மத்தியானம் பவளம் மச்சாள் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து, என் சட்டைக் கையை மடித்துவிட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். மேற்கையில் வரிசையாக நாலு ஊதா அடையாளம், உட்பக்கம் தனியே ஒன்று. யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி.

"ஆர் மச்சாள் பிடிச்சது?"

"ஆரும் பிடிக்கேல்லை. தானா வருது."

"தானா எப்பிடி விரல் மாதிரி வரும்?"

"உமக்கு விரல் மாதிரித் தெரியுது. எனக்குக் கண்டல் மாதிரித் தெரியுது."

பெரிய எடுப்பில் சொல்லிவிட்டேன். அவள் போனபிறகு என் மற்றக் கையை எடுத்து அந்த அடையாளங்களின் மேல் விரல்களை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு அந்தக் கையைப் போர்வைக்கு வெளியே எடுக்கவில்லை. மச்சாள் என் கட்டிலடியில் கிடந்த சின்னக் கண்ணாடியையும் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டாள் என்று பின்னேரம் தலை இழுக்கும்போதுதான் தெரிந்தது. நானும் கேட்கவில்லை. பயந்துகொண்டும் எனக்கு நாள் தவறாமல் சாப்பாடு சுமந்தவள் அவள். இரண்டு பஸ் மாறி வருவாள். ஒருநாளும் சொதி ஆறிப்போய் வந்ததில்லை.

ஞாயிறுகளில் அபி வீடியோவில் கோல் எடுப்பாள். அபி அக்காவின் ஒரே பிள்ளை, என் பெறாமகள். கனடாவில் படிக்கிறாள், பத்தொன்பது வயது. தாய் இறந்து முதல் அரை வருடம் அவள் எங்களை எடுத்ததே இல்லை. பிறகு, ஏறக்குறைய என் முகம் ஊதத் தொடங்கிய காலத்தில் இருந்து, ஒரு ஞாயிறு தவறாமல் எடுக்கத் தொடங்கினாள். அதிகம் கதைக்கமாட்டாள். பார்த்துக்கொண்டிருப்பாள். "சின்னம்மா, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்கோ" என்பாள். வாட்டிலும் எடுத்தாள். வருத்தம் எப்படி என்று கேட்டாள், சொன்னேன். பிறகு ஒரு ஐந்து நிமிடம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. அவள் தன் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள். பக்கத்துக் கட்டில் அம்மா தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கேட்டார்.

எம்.ஆர்.ஐ.க்கு முறை வந்தது. பெரிய காந்தத்துக்குள் உங்களைப் படுக்க வைத்து உடம்பில் இருக்கிற நீரையும் கொழுப்பையும் படம் பிடிப்பது, அவ்வளவுதான். கதிர் ஒன்றும் இல்லை, நோகாது. உள்ளே போக முதல் உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா, ஷெல் துண்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த மனிதர் "இடுப்பில ஒண்டு கிடக்கு" என்று சொல்லித் திரும்பிப் போனார். நான் தாலியைக் கழற்றி இவரிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போடாமல் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தார்.

குழாய் முகத்தோடு ஒட்டிய மாதிரி இருந்தது. காதுக்கு அடைப்பு வைத்தும் சத்தம் உள்ளே வந்தது. தட்டுகிற சத்தம், பிறகு அரிகிற சத்தம், பிறகு திரும்பவும் தட்டுகிற சத்தம். நான் பத்தொன்பதாம் வாய்ப்பாட்டைச் சொல்லத் தொடங்கினேன். முதுகு மெல்லச் சூடாகியது. அந்தக் கட்டைக்கு நேரே, படகில் அழுத்திய அதே இடத்தில், உள்ளங்கை அளவில் சூடு. தட்டுகிற சத்தம் ஒரேயடியாக நின்றது. அந்த அமைதிக்குள் ஒரு ஆணின் குரல் கேட்டது.

"இராசமலர் அம்மா, அசையாமல் படுங்கோ. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

அது அக்காவின் முழுப்பெயர். அந்த ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைத் தெரிந்த ஒருவரும் இல்லை. அதைவிட என்னை இன்றைக்கும் உலுக்குவது இதுதான்: நான் "ஓம்" என்றேன். யோசிக்காமல், கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி, "ஓம்."

மிச்ச நேரம் நான் வாய்ப்பாடு சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இது நான்தானா என்று கால்விரலை அசைக்க நினைத்து, அசைக்கக்கூடாது என்று சொன்னார்களே என்று கிடந்தேன்.

வெளியே வந்ததும் இவர் தானாகவே சொல்லிவிட்டார். சூட்கேசுக்குள் அக்காவின் கனடா ஸ்கான் சீடியும் இருந்திருக்கிறது, அதோடு வந்த அறிக்கையில்தான் எந்த எலும்பு என்று இவர் வாசித்திருக்கிறார். இரண்டு பேரின் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க டொக்டருக்கு உதவும் என்று அவர்தான் அதைக் கொண்டுவந்து, என் ஆஸ்பத்திரிக் கோவைக்கு முன்னால் சொருகிக் கொடுத்திருக்கிறார். உறையில் கொட்டை எழுத்தில் அக்காவின் பெயர். மேலே இருந்ததைப் பார்த்து, படம் எடுத்த அந்தத் தம்பி வாசித்திருக்கிறான், பிழை எங்களுடையது. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். காரணம் தெரிந்தது, பயம் போகவில்லை.

மூன்றாம் நாள் டொக்டர் என்னைச் சக்கரக் கதிரையில் தன் அறைக்குக் கூட்டிப் போனாள். திரையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முள்ளந்தண்டுகள். இவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இடப்பக்கப் படத்தில் இடுப்பின் முதலாவது கட்டை கன்னங்கரேலென்று இருந்தது. அதன் பின்பக்கம் உப்பிப் பிதுங்கி நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. மேலேயும் கீழேயும் மற்றக் கட்டைகளில் கறுப்புப் பொட்டுகள். ஒருவரும் சொல்லாமலே அதுதான் நான் என்று தெரிந்துகொண்டேன். அக்கா போன வழி, நானும் போகிறேன் என்று நினைத்தேன். பதினாலு மாதத்தில் எத்தனை பள்ளித் தவணை வரும் என்று யோசித்தேன். இவருக்குத் தேத்தண்ணி போடவே தெரியாதே என்று யோசித்தேன்.

"ரீச்சர், இடப்பக்கம் இருக்கிறது உங்கட அக்காவின்ர. வலப்பக்கம்தான் நீங்கள்."

விளங்கவில்லை. திரும்பவும் சொல்லச் சொன்னேன். சொன்னாள். பிறகு பேனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். எலும்புக்குள் இருக்கிற மச்சையில் கொழுப்பு உண்டு, இந்த வகைப் படத்தில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். கான்சர் வந்து குடியிருந்தால் கொழுப்பைத் தள்ளிவிட்டு இடம் முழுக்கப் பிடித்துவிடும், கட்டை முழுக்கக் கறுப்பாகும், பின்பக்கம் உப்பும். கிருமி என்றால் இரண்டு கட்டைக்கும் நடுவில் இருக்கிற மெத்தையைத்தான் முதலில் தின்னும். என் படத்தில் மெத்தைகள் நல்லபடி இருந்தன. நசிந்த கட்டையில் மேல் விளிம்பை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டி மாத்திரம், மிச்சம் வெள்ளை. அதற்கு மேலே இன்னும் இரண்டு கட்டைகள் எனக்குத் தெரியாமலே எப்போதோ நசிந்து, தானாக ஆறி, வெள்ளையாகவே இருந்தன.

"கான்சர் இல்லை ரீச்சர். ஊசி விட்டுப் பாக்கவும் தேவையில்லை. எலும்பு மெலிஞ்சு நசிஞ்சது."

இவர் கதவடியில் குந்திவிட்டார். முப்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டொக்டர் முடிக்கவில்லை. பேனை முள்ளந்தண்டுக்குப் பின்னால் இறங்குகிற குழாய்க்குப் போனது.

"இதுக்குள்ள நரம்பைச் சுத்தி வெள்ளையா நிறையக் கிடக்கு, பாத்தீங்களோ? இதுவும் கொழுப்புத்தான். இவ்வளவு இருக்கக்கூடாது. நெடுநாள் ஸ்டீரொயிட் குளிசை போடுற ஆக்களிலதான் நாங்கள் இப்பிடிக் காணுறது. எலும்பை மெலிய வைக்கிறதும் அதுதான். சீனி ஏறுறது, தொட்டாக் கண்டுறது எல்லாம் அதுதான். முதல் நாளே உங்களைக் கேட்டனான். இல்லை எண்டு சொன்னனீங்கள்."

கைப்பையைத் திறந்து குளிசையை எடுத்து மேசையில் வைத்தேன். அக்காவின் பெயர் ஒட்டிய போத்தல்தான். வாங்கியதையும் அதற்குள்ளேதான் போட்டு வைத்திருந்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். நான்தான் கேட்டேன்.

"அப்ப என்ர முகம்?"

"குளிசையின்ர முகம் ரீச்சர். உங்கட அக்காவுக்கும் கடைசியில அதைத்தான் குடுத்திருக்கினம். இந்தக் குளிசையைக் கனநாள் போட்டா ஆருக்கும் இந்த முகம்தான் வரும்."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு அடியில் வேறு ஒன்றும் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. இத்தனை நாள் நான் பயந்தது அக்கா என்னில் இருக்கிறாளோ என்றுதான். இல்லை என்று நிறுவிக் காட்டியதும், யாரோ வீட்டைவிட்டு எழும்பிப் போன மாதிரி இருந்தது.

இவர் எழும்பி வந்து போத்தலை எடுத்துக் குப்பைக் கூடைக்குள் எறிந்தார். எந்தக் கோபத்திலும் ஒரு பொருளை எறியாத மனிதர். டொக்டர் குனிந்து அதைத் திருப்பி எடுத்தாள்.

"எறியாதேங்கோ ஐயா. இந்தச் சத்தை உடம்பு தானா சுரக்கிறது. ஒண்டரை வருசமா வெளியில இருந்து வந்ததால அந்தச் சுரப்பி நித்திரை. ஒரேயடியா நிப்பாட்டினா ஆள் விழுந்துபோடுவா, உயிருக்கும் ஆபத்து. இனி நினைச்சாலும் உடன விட ஏலாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்க வேணும்."

முதுகுக்கு இறுக்கமான ஒரு பட்டி தந்து, எலும்புக்கு வாரத்துக்கு ஒரு குளிசையும் கல்சியமும் எழுதி, வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த எலும்புக் குளிசையை வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். டொக்டர் கேட்கும்போது போடுகிற குளிசை எல்லாவற்றையும் சொல்லுங்கள். செத்தவர்களின் குளிசையை எடுத்துப் போடாதீர்கள். முக்கியமாக, அதை ஒருவருக்கும் சொல்லாமல் போடாதீர்கள்.

பவளம் மச்சாளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் முகத்தை நேரே பார்த்து, கன்னத்தைப் பிடித்துத் திருகி, "பாழாய்ப்போன குளிசை" என்றாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழுதாளோ தெரியாது.

அந்த ஞாயிறு பின்னேரம் அபி எடுத்தாள். அவளுக்கும் சொல்ல வேண்டும்தானே. கான்சர் இல்லை என்றதும் "கடவுளே" என்றாள். குளிசைக் கதையைச் சொன்னேன். முகத்தின் கதையையும் சொன்னேன். அவள் கண்ணை இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் சின்னம்மா. அம்மா அந்தக் குளிசை தொடங்கேக்க எனக்குப் பதினைஞ்சு வயது. அதுக்கு முந்தின அம்மாவைப் படத்தில பாத்தா ஆரோ மாதிரி இருக்கு. நினைச்சுப் பாத்தாலும் வருகுதில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிற அம்மா இதுதான்."

திரைக்குள் அவள் விரலால் ஒரு வட்டம் காட்டினாள். என் முகத்தைத்தான் காட்டினாள்.

"நீங்கள் நிப்பாட்டத்தான் வேணுமோ?" என்று கேட்டாள். கேட்டவுடனேயே தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னியுங்கோ சின்னம்மா. நான் அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது."

"நிப்பாட்டத்தான் வேணும் பிள்ளை. எலும்பு உடையுது."

"உடனயோ?"

"இல்லை. கொஞ்சம் கொஞ்சமாத்தான். ஆறேழு மாசம் செல்லும்."

அவள் விரல்விட்டு மாதங்களை எண்ணினாள்.

"அப்ப நான் இனி ஒவ்வொரு நாளும் எடுக்கிறன்."

எடுக்கிறாள். இப்போது காலையில் அரைக் குளிசையில் வந்து நிற்கிறேன். அவள் எடுக்கிற நேரத்துக்கு முதுகுப் பட்டியைப் போட்டுக்கொண்டு யன்னலடிக் கதிரையில் போய் இருந்து, அவள் கேட்க முதலே முகத்தை வெளிச்சப் பக்கம் திருப்பிக் காட்டுகிறேன். நேற்று, வைக்கப் போகும்போது, "கன்னம் குறைஞ்சிட்டுது சின்னம்மா" என்றாள். நான் முகத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அவள் வெகு நேரம் போனை வைக்கவில்லை.